கழட்டி வெச்ச வாச்சு

அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கறியா அம்மிணி? தப்பா நெனைச்சுக்காத. போலீசுக்காரரு ஒருத்தரு கத்தறதும், எதிர்ல ஒருத்தன் ‘வீடியோ ஓடுது சார், பாத்துப் பேசுங்க’ங்கறதும் காதுல விழுந்தாலே என்னால உக்காந்திருக்க முடியல. நீ பாக்கறது வேற யாரோ. அது என்னமோ டோல்கேட்டாட்ட இருக்குது. நம்முளுது பஞ்சுமில் முக்கு.

இரு, நான் சன்னலோரம் போயிக்கறேன், நீ இக்கட்டால வந்துரு. எனக்கு எடது காது கேக்காது. அந்தப் பக்கம் உக்காந்து நீ என்ன பேசுனாலும் நான் சும்மா தலைய ஆட்டிட்டே வருவேன். ம், இப்பச் செரி.

பஞ்சுமில் முக்கு வீடியோன்னா உனக்குத் தெரிஞ்சிருக்குமே. நாப்பத்தோரு செகண்டு. கண்ணாடி போட்ட பையன், செவப்பு பைக்கு, ஒரு ஏட்டு பளார்னு அறையறாரு. பாத்திருக்கறயா? ஆமா, பாக்காதவங்க யாரு. அந்த ஏட்டு எங்கூட்டுக்காரரு.

அப்படிப் பாக்காத. நீ எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போனாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். எங்க லைன் ஊட்டுல எதுத்தாப்புல இருக்கறவளே அஞ்சு மாசமா காப்பித்தூள் கேட்டு வர்றதில்ல. பஸ்ஸுல ஒரு மணி நேரம் கூட வர்றவகிட்ட நான் என்ன கோவிச்சுக்கறது.

அவரு பேரு சென்னியப்பன். பாத்தியா, சொல்லிட்டேன். இருவத்தேழு வருசம் நான் அவரு பேரை வாயில சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லியாகோணும். பதினொரு மணிக்குப் பெரிய போலீசாபீசுல விசாரணை. நான் சாட்சி. ‘உன் புருசன் பேரென்ன’ன்னு மொதக் கேள்வியே அதுதான் கேப்பாங்களாம். காலையில இருந்து சொல்லிச் சொல்லிப் பழகிட்டிருக்கறேன். விசாரிக்கறது ஒரு பொம்பள ஆபீசராம். அதுல வேற எனக்குப் பயம். ஆம்பள ஆபீசருன்னா பொம்பள அழுதா காயிதத்தப் பாத்துக்குவாங்க. பொம்பளைன்னா மூஞ்சியப் பாப்பாங்க.

அவரு முன்னாடியே பைக்குல போயிட்டாரு, மருதாசலத்தண்ணங்கூட. அண்ணன் ரிட்டயர்டு எஸ்.ஐ. இந்த மாதிரி வெசாரணைக்கெல்லாம் போலீசுக்காரங்களுக்குத் துணையா நின்னு பேசறவரு. அவரு சொல்லிக் குடுத்ததைத்தான் நான் போயிச் சொல்லோணும். செரியாச் சொல்லிட்டா வேலை நிக்கும். ஒளறிட்டேன்னா டிஸ்மிஸ்தான். இன்னும் ரண்டு வருசம் இருக்குது சர்வீசு. ரண்டு வருசமும் அவரு ரோட்டுல நின்னாகோணும். நின்னே ஆகோணும் அம்மிணி. அதுக்கு நான் என்ன வேண்ணாலும் சொல்லுவேன்.

நீ அந்த வீடியோவ மட்டும் பாத்தா அவரு ராட்சசன்னு நெனைப்ப. ரோட்டுல என்ன பாடுன்னு உனக்குத் தெரியாது. பங்குனி வெயில்ல அந்த முக்குல நின்னு பாரு. தார் உருகி பூட்சுல ஒட்டும். நாளைக்கு இத்தினி கேசு போடோணும்னு மேலேருந்து சொல்லிருவாங்க. யாரு மேல போடறது? காரை நிறுத்துனா ஒரு ஃபோன் வரும். கொடி கட்டுன காரை நிறுத்துனா மாத்தல் வரும். நிறுத்தறதுக்குன்னு மிச்சம் இருக்கறது ரண்டு சக்கரந்தான். அதுலயும் கீரைக்கட்டு வெச்சுட்டு வர்றவன், கொழந்தைய முன்னாடி உக்கார வெச்சுட்டு வர்றவன். அவங்க கெஞ்சுவாங்க. ஒண்ணு கெஞ்சுவாங்க, இல்லைன்னா செல்லைத் தூக்குவாங்க. இப்ப செல்லைத் தூக்கறவங்கதான் ஜாஸ்தி.

அவரு ஒண்ணு பண்ணுவாரு. வண்டி நின்னதும் சாவியப் புடுங்கிருவாரு. அது தப்புன்னு இப்பச் சொல்றாங்க. புடுங்காம விட்டாப் போயிருவாங்களே? ஊட்டுலயே அப்படித்தான். நான் கோவிச்சுட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்னு பையெடுத்தா, பீரோ சாவிய எடுத்து ஜோப்புல போட்டுக்கிட்டுப் பல்லு வெளக்கப் போயிருவாரு. அப்புறம் எங்க போறது. அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். வாடா போடாங்கறதும் அப்படித்தான். அதெல்லாம் வசவில்ல. அவரு வசவுன்னா அது வேற.

அந்தப் பையன் பேரு நவநீதன். செல்லுல ‘ரோட்டு நியாயம்’னு ஒரு சேனல் வெச்சிருக்கறான். படிச்ச பையன். மொத நாள் ஹெல்மெட்டு போட்டிருந்தான், பட்டிய மாட்டல. இவரு நிறுத்திச் சாவிய எடுத்துட்டாரு. அவன் செல்லை எடுத்துட்டான்.

“சார், சாவி எடுக்கற அதிகாரம் உங்களுக்கு எந்தச் சட்டத்துல இருக்குது? சொல்லுங்க, நானே கையில குடுக்கறேன்.”

“சட்டமாடா வேணும் உனக்கு? வா ஸ்டேசனுக்கு, வாய்ப்பாடு மாதிரி படிச்சுக் காட்டறேன்.”

கேசு போட்டு அனுப்பிட்டாரு. அதோட முடிஞ்சிருக்கோணும். அடுத்த நாள் அவன் வண்டியில வரல. எதுத்தாப்புல மருந்துக் கடை நெழல்ல நின்னுட்டு, செல்லைப் புடிச்சுட்டு, கிரிக்கெட்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டிருந்தானாம். ‘இப்ப ஒரு காரு போகுது நண்பர்களே, சீட்டு பெல்ட்டு இல்ல. நம்ம ஏட்டையா என்ன பண்றாரு? தண்ணி குடிக்கறாரு. இப்ப இன்னொரு காரு, முன்னாடி கொடி. ஏட்டையா என்ன பண்றாரு? மறுபடியும் தண்ணி குடிக்கறாரு. தாகம் ஜாஸ்தி நண்பர்களே.’ ஊரே அதைப் பாத்துச் சிரிச்சுது. ஏன், நானுங்கூடச் சிரிச்சுட்டேன். எதுத்த ஊட்டுக்காரி காட்டுனா, சிரிப்பு வந்துருச்சு. அவரு பின்னாடி நின்னது எனக்குத் தெரியல. அது என் தப்பு. அது வேற கதை, உடு.

மூணாம் நாளு ஹெல்மெட்டைக் கண்ணாடிக் கம்பியில தொங்க உட்டுட்டு, நேரா இவரு முன்னாடி வந்து நின்னிருக்கறான்.

“ஏட்டையா, இன்னைக்கு நானே வந்துட்டேன். புடிங்க.”

இவரு தம்பின்னுதான் கூப்பிட்டாரு. சத்தியமா. முழு வீடியோ பதினோரு நிமிசம், அதுல இருக்குது. ‘தம்பி, ஹெல்மெட்டை மாட்டிட்டுப் போப்பா’ன்னாரு. அவன் போகல. பேரு பட்டை எங்கங்கறான், உங்க சம்பளம் யாரு வரிங்கறான். ‘தலைக்குத்தான் ஹெல்மெட்டு, உங்க தொப்பைக்குத் தனியா வரி உண்டுங்களா’ங்கறான். சுத்தி நின்னவங்க சிரிக்கறாங்க. சிரிக்கற ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு செல்லு. அவரு தோள்ல டிபார்ட்மெண்ட் கேமரா ஒண்ணு இருக்குது. மூணு பேருக்கு ஒரு கேமரா, முறை வெச்சு மாட்டிக்குவாங்க. இவரு முறை வர்றப்ப அதுல சார்ஜு செத்துப் போச்சு. அதனால இவரு பக்கத்துக்கு ஒரு கண்ணுங்கூட இல்லை. எல்லாக் கண்ணும் அவன் பக்கம்.

அப்புறந்தான் நீ பாத்த நாப்பத்தோரு செகண்டு.

அதுல ஒண்ணு கவனிச்சயா? எல்லாரும் அறைஞ்சதைத்தான் பாக்கறாங்க. அதுக்கு முன்னாடி அவரு வாச்சைக் கழட்டறாரு. மெதுவாக் கழட்டறாரு. தோல் வாரு, கொக்கிய எடுத்து, சுத்தி, சட்டை ஜோப்புல போட்டு, ஜோப்புக்குப் பொத்தானும் போடறாரு. அதுக்கப்புறந்தான் கை ஓங்கறாரு. அதுதான் இப்ப பெரிய குத்தமாயிருச்சு. கோவத்துல கை நீட்டிட்டேன்னா கோவம், ஒரு கண்டனத்தோட போயிரும். வாச்சைக் கழட்டி ஜோப்புல போட்டுப் பொத்தான் போட்டா அது கோவமில்லையாம். யோசிச்சு அடிச்சதாம். சார்ஜு காயிதத்துல அதைத்தான் எழுதியிருக்கறாங்க.

எம் பையன் ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கறான். அவனுக்கும் யாரோ அனுப்பியிருக்கறாங்க. ‘முழுசாப் பாத்தயா சாமி, அப்பா மேல தப்பிருக்குதா’ன்னு கேட்டேன். ‘வாச்சுல கை வெச்சதும் நான் செல்லைக் கவுத்து வெச்சுட்டேம்மா’ன்னான். எளகின மனசு அவனுக்கு. சின்னதுல இருந்தே அப்படித்தான், கட்டிலுக்கடியில போயி உக்காந்துக்குவான்.

சஸ்பெண்டு பண்ணி அஞ்சு மாசம் ஆச்சு. ஆம்பளைங்க ஊட்டுல இருந்தா நல்லதுன்னு சொல்லுவாங்க. என்னத்த நல்லது. காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு ஷேவ் பண்ணி, எங்கயும் போறதுக்கில்லாம நடு ஊட்டுல நிப்பாரு. ‘இங்க எதுக்கு நிக்கற, அக்கட்டால போ. அந்தக் கொடத்தை எதுக்கு வழியில வெச்ச. குக்கரு நாலு விசில் வந்துருச்சு, எதுக்கு இன்னும் நிறுத்தல.’ ஊடே முக்காயிருச்சு அம்மிணி. வண்டி நான் ஒருத்திதான்.

அதனாலதான் ஒருநாள் மனசு பொறுக்காம நானே அந்தப் பையன் ஊட்டுக்குப் போனேன். அவருகிட்டச் சொல்லல. ரேசன் கடைக்குப் போறேன்னுட்டுப் போனேன். அவனே வந்து ‘எனக்கு வருத்தமில்லை, உட்டுருங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னா ஆபீசருங்க மனசு மாறுமில்ல?

அவங்கம்மா தையக்காரி. முன் ரூம்புல மிசினு. நான் யாருன்னு சொன்னதும் காலை மிதியில இருந்து எடுத்துட்டா. உக்காருங்கவும் இல்ல, போங்கவும் இல்ல. அதுக்குள்ள அந்தப் பையன் உள்ள இருந்து வந்தான், கையில செல்லு.

“ஒரு நிமிசங்க. இதை ரெக்கார்டு பண்ணிக்கறேன். பின்னாடி நீங்க வந்து மிரட்டுனீங்க, நாங்க மிரட்டுனோம்னு பேச்சு வரக்கூடாது.”

“டேய், அவங்க வயசென்ன, உன் வயசென்ன,” அப்படின்னா அவங்கம்மா.

“வயசுக்கு என்னம்மா, ஏட்டையாவுக்குந்தான் வயசு.” என்னைப் பாத்து, “உங்க வீட்டுக்காரரு அதே முக்குல, அதே எடத்துல நின்னு, தப்புப் பண்ணிட்டேன்னு கேமராவப் பாத்துச் சொல்லட்டும். நான் அன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன்”ன்னான்.

அவரு மன்னிப்புக் கேக்கற ஆளா. ஆனா நான் பாத்துட்டே இருந்தேன். அவங்கம்மா பேசறப்பெல்லாம் அவன் வலது பக்கமாத் தலைய வளைச்சு வளைச்சுக் கேக்கறான். செல்லு கேமராவுக்கு நேரா நின்னு பேசறவன், காதை மட்டும் இக்கட்டால கொண்டாந்து கொண்டாந்து வெக்கறான். எனக்குச் சட்டுனு வாயில வந்துருச்சு.

“சாமி, தலைக்குத் தண்ணி வாக்கறப்ப அந்தக் காதுக்குப் பஞ்சை எண்ணெயில தொட்டு அடைச்சுக்கோ. எண்ணெய உள்ள மட்டும் ஊத்திராத. விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டுட்டே இருக்கும், அது மூணு மாசத்துல அடங்கிரும். சளி புடிச்சா மூக்கை வேகமாச் சிந்தாத. படுக்கறப்ப கேக்கற காதை தலவாணியில வெச்சுப் படுத்தயின்னா சத்தமில்லாமத் தூங்கலாம்.”

அந்தப் பொம்பள என்னையே பாத்தா. “உங்களுக்கெப்படிங்க தெரியும்?”ன்னா.

என்ன கேள்வி அது. வயசானா நாலும் தெரியத்தான் செய்யும். அந்தப் பையன் செல்லை எறக்கிட்டான். இத்தினி நேரம் மூஞ்சிக்கு நேராப் புடிச்சிருந்தவன், கீழ எறக்கி, அணைச்சு, மிசின் மேல வெச்சுட்டான். அவங்கம்மா எந்திரிச்சு ஸ்டூலைத் தள்ளிப் போட்டா. தண்ணி குடுத்தா. எழுதிக் குடுக்கறேன்னு ரண்டு பேரும் சொல்லல. நான் கெளம்பறப்ப வாசப்படி வரைக்கும் வந்து அந்தப் பையன் மெதுவா, “பாத்துப் போங்கம்மா”ன்னான். அவ்வளவு திமிரு புடிச்சவன், அந்த வார்த்தைய மட்டும் கெட்டவனாட்டச் சொல்லல.

செரி, அது போச்சு. மருதாசலத்தண்ணன்தான் வழி சொன்னாரு. முழு வீடியோ வேணும்னு எழுதிக் கேட்டு வாங்கினாரு. எங்க ஊட்டுல உக்காந்துதான் போட்டுப் பாத்தாங்க. நான் அடுப்படியில இருந்து கேட்டேன். பாக்கல. நான் இதுவரைக்கும் அந்தப் படத்தைக் கண்ணுல பாத்ததே இல்ல, எல்லாம் கேட்டதுதான். பத்தாவது நிமிசத்துல, கை ஓங்கறதுக்குச் சித்தெ முன்னாடி, அந்தப் பையன் ஒண்ணு சொல்றான். நாப்பத்தோரு செகண்டுல அதை வெட்டிட்டான்.

“இந்த வீராப்பெல்லாம் ஊட்டுல பொண்டாட்டிகிட்ட வெச்சுக்குங்க ஏட்டையா. ரோட்டுல வேண்டாம்.”

அண்ணன் தொடையைத் தட்டுனாரு. “இதுதான் சென்னியப்பா. ஊட்டுப் பொம்பளைய இழுத்துட்டான். இதுக்கு மேல எந்த மனுசன் பொறுப்பான்? நம்ம சாட்சியே உன் சம்சாரந்தான்”னாரு.

நான் அடுப்பை அணைச்சுட்டேன். அந்தப் பையன் இன்னைக்கு வரைக்கும் எங்க ஊட்டுப் படி மிதிச்சதில்ல. எதுத்த ஊட்டுக்காரி சொல்லியிருப்பாளோன்னு நெனைச்சேன். அவகிட்டயும் நான் ஒண்ணும் சொன்னதில்ல. அவனுக்கு எப்படித் தெரியும்?

இல்ல, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. எனக்கும் தெரியுது. கேட்டப்ப அப்படித் தோணிருச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் இந்த வாச்சு. பையில வெச்சிருக்கறேன், இரு காட்டறேன். பாரு, வாரு அறுந்திருக்குதா? நேத்துச் சாயங்காலம் அவரு பிளேடுல அறுத்தாரு. அறுத்துட்டு, பழசாத் தெரியோணும்னு வாசக்கல்லுல தேச்சாரு. நான் சொல்ல வேண்டியது இதுதான்: ‘அன்னைக்குக் காலையிலயே வாரு அறுந்திருந்துச்சுங்க, கையில நிக்கல, விழுந்துருமோன்னுதான் கழட்டி ஜோப்புல போட்டிருப்பாருங்க. அப்பத்தான் அந்தப் பையன் என்னைய இழுத்துப் பேசியிருக்கறான், இவரு கை தானா போயிருச்சுங்க.’ சாட்சி நீயே கொண்டு வந்து குடுத்தாத்தான் நம்புவாங்கன்னு எங்கிட்டக் குடுத்தனுப்பியிருக்கறாங்க.

நான் அண்ணங்கிட்டச் சொன்னேன். “இதுக்கு எதுக்குண்ணா பொய்யி? எனக்குப் பொய்யி சொன்னா ஒதடு காஞ்சுபோகும். உள்ளதையே சொல்றேனே. அவரு எப்பவுமே கழட்டுவாருன்னு சொல்றேன். அதுல ஒரு கெட்ட எண்ணமும் இல்லீங்க. கொக்கி பட்டாக் காயமாயிருமேங்கற நல்ல எண்ணந்தான்.”

நெசந்தான் அம்மிணி. பன்னண்டு வருசத்துக்கு முன்னாடி கழட்ட மாட்டாரு. ஒருக்கா கொக்கி பட்டு, இங்க பாரு, புருவத்துக்கு மேல, அஞ்சு தையல். ஆசுபத்திரியில கொழாயில முட்டிக்கிட்டேன்னு சொன்னேன். அவரே பக்கத்துல ஒக்காந்து கையப் புடிச்சுக்கிட்டாரு, கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. அன்னையில இருந்து ஒரு நாளும் கழட்டாம இருந்ததில்ல. எத்தினி கோவமா இருந்தாலும் சரி. மொதல்ல வாச்சைக் கழட்டி வெப்பாரு, பத்தரமா வெப்பாரு. எத்தினி பேரு இருக்கறாங்கங்கற நெனைப்பே இல்லாம. இதைப் போயி அந்த ஆபீசரம்மாகிட்டச் சொன்னா, கழட்டறது அவரு கொணம், யோசிச்சுப் பண்ணதில்லைன்னு வெளங்காதா?

அண்ணன் டம்ளரைக் கீழ வெச்சுட்டாரு. காப்பி பாதி இருந்துச்சு. எங்கூட்டுக்காரரையும் பாக்கல, என்னையும் பாக்கல. “வாரு அறுந்துச்சுன்னு மட்டும் சொல்லும்மா. அதுக்கு மேல அவங்க என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு”ன்னுட்டு, செருப்பைத் தேடிப் போட்டுட்டுப் போயிட்டாரு.

ஏன் அம்மிணி, நீ எதுக்கு இப்படி ஆயிட்ட? நான் உன்னைய அழுக வெக்கறதுக்காகவா சொன்னேன். தொடைச்சுக்கோ. கண்டக்டரு பாக்கறாரு.

ஒரு ஒத்தாசை பண்ணு. பைபாஸ் வந்துருச்சு, இன்னும் கால் மணி நேரந்தான். நீ படிச்ச புள்ளை, அந்த ஆபீசரம்மா மாதிரிக் கேளு. நான் சொல்லிப் பாக்கறேன். சும்மா கேளு, கொரலை மட்டும் கொஞ்சம் கடுசா வெச்சுக்கோ.

எம் பேரு மயிலாத்தாளுங்க. ஊட்டுக்காரரு பேரு சென்னியப்பனுங்க. ஆமாங்க, அன்னைக்குக் காலையில ஊட்டுலதான் இருந்தேங்க. இதுதான் வாச்சுங்க. வாரு அன்னைக்கே அறுந்திருந்துச்சுங்க.

பாத்தியா, அதுக்குள்ள ஒதடு காஞ்சுபோச்சு. பரவால்ல, கேளு.

‘எப்பெப்பக் கழட்டுவாரு’ன்னா? இல்ல, அதை அவங்க கேக்க மாட்டாங்களே. நான் வாரு அறுந்துச்சுன்னுதானே சொன்னேன். செரி, நீ கேட்டதுக்காகச் சொல்றேன். கொழம்புல உப்புக் கூடிப்போனா. அவரு ஃபோன் பேசறப்ப மிக்சி போட்டுட்டா. சிரிச்சா. அன்னைக்கு எதுத்த ஊட்டுக்காரி செல்லைப் பாத்துச் சிரிச்சேனே, அன்னைக்கு. சிரிக்காம மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தாலும். எம் பையன் ஃபோன் பண்ணி அவரைக் கேக்காம வெச்சுட்டா. அப்புறம்…

போதும். இதெல்லாம் எதுக்கு.

அம்மிணி, அந்த வீடியோ உன்ற செல்லுல வருமா? எடு. இல்ல, பயமில்ல, ஒருக்காப் பாத்துக்கறேன். அங்க போயிப் போட்டுக் காட்டுனா மொதத் தடவையா அவங்க முன்னாடி பாக்கற மாதிரி ஆயிரும்.

இதா. நம்ம முக்குத்தான். மருந்துக் கடை. அது அந்தப் பையன் கொரலு. சிரிக்கறாங்க பாரு. இவரு எளைச்சுத்தான் இருக்கறாரு இதுல. இப்ப வாச்சு… கொக்கி… அந்தப் பையன் இன்னும் பேசிட்டிருக்கறான் பாரு. அவன் சிரிக்கறான். வாச்சைக் கழட்டறதைக் கேமராவுலயே புடிச்சுட்டுச் சிரிச்சுட்டு நிக்கறான். அவனுக்குத் தெரியல. அவனுக்கு எப்படித் தெரியும். பொத்தான் போடறாரு. சாமி, எறங்கி ஓடு. ஓடு சாமி. காதைப் பொத்திக்கோ. எடது காதை…

வெச்சுரு. வெச்சுரு அம்மிணி. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. கத்திட்டனா? கத்திட்டேன் போல.

தண்ணி வேண்டாம். இரு, மூச்சு வரட்டும்.

நீ என்ன கேட்ட? இந்தப் பக்கம் சொல்லு, அந்தக் காது… ம். இத்தினிக்கு அப்புறம் அவருக்கு எதுக்கு வேலை வாங்கிக் குடுக்கப் போறீங்கன்னா? போனாப் போகட்டும்னு உடக்கூடாதான்னா?

உனக்கு இன்னும் வெளங்கல கண்ணு. டூட்டி இருந்தாத்தான் அவரு வாச்சு கட்டுவாரு. காலையில ஷேவ் பண்ணி, சட்டை போட்டு, கடைசியா வாச்சு. சாயங்காலம் ஊட்டுக்கு வந்தாலும் படுக்கற வரைக்கும் கையில இருக்கும். அதுல கை போச்சுன்னா எனக்குத் தெரிஞ்சுரும். அடுப்பை அணைப்பேன். கொதிக்கறதை எறக்கி வெப்பேன். பையன் சின்னவனா இருந்தப்ப அவனைக் கட்டிலுக்கடியில தள்ளி உடுவேன். தாலிக்கொடிய ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்குவேன். வளையலைக் கழட்டிருவேன். வாரு, கொக்கி, சுத்தி வெக்கறது, எல்லாஞ் சேந்து ஒரு நிமிசம் இருக்கும். அந்த ஒரு நிமிசம் எனக்கு இருந்துச்சு.

சஸ்பெண்டான அன்னைக்குக் கழட்டி அலமாரியில வெச்சாரு. அஞ்சு மாசமா வாச்சு கட்டல. எங்கயும் போகாதவருக்கு மணி எதுக்கு. கையில வாச்சு இருந்த எடத்துல வெள்ளையா ஒரு பட்டை இருக்கும், அதுவும் இப்ப மறைஞ்சுபோச்சு. நானும் கையவே பாத்துட்டிருக்கறேன், அதுல ஒண்ணுமே இல்ல. குக்கரு விசில் வருது, அவரு எந்திரிக்கறாரு, தண்ணி குடிக்க வர்றாரா என்னன்னு எனக்குத் தெரியல. தெரியறதே இல்ல அம்மிணி. போன வாரம் கொதிக்கற ரசம் காலுல கொட்டிருச்சு. இறக்கி வெக்க நேரமில்ல. இதா, கட்டுப் போட்டிருக்கறது அதுதான்.

அவரு வாச்சு கட்டோணும். அதுக்குத்தான் போறேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. இல்ல, நீ எதுக்கு எங்கூட வர்ற? உன்ற வேலையப் பாரு. யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த புள்ளைன்னா? ஏம்மா, நெசமாவா. ஆபீசுக்கு நேரமாகாதா உனக்கு?

செரி வா. ஆனா அந்த அம்மா என்னைய என்ன கேட்டாலும் நீ வாயத் தொறக்கக்கூடாது. நானே சொல்லிக்கறேன். வாரு அறுந்துச்சுன்னு சொல்றதா, கழட்டுவாருன்னு சொல்றதா, உள்ள போயி அந்த அம்மா மூஞ்சியப் பாத்துத்தான் தெரியும்.

பையப் புடி, எறங்கிக்கறேன். கால் எரியுது. இக்கட்டால வா, இந்தக் காதுப் பக்கம். மணி என்ன ஆச்சு பாரு. இரு, எங்கிட்டத்தான் இருக்குதே. பத்து நாப்பது. வாரைத்தான் அறுத்தாரு. ஓட்டம் நல்லாத்தான் இருக்குது.